கச்சானின் கொண்டை எழும்பும் நேரம்: வீட்டுக் கிளிகளைப் படம் எடுப்பது எப்படி?

[காட்சி: போன் திரை. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. மங்கிய வால், கம்பி, பின்தலை, மறுபடியும் வால்.]

இவை நான் முதல் மாதம் எடுத்த படங்கள். நூறுக்கு மேல் இருக்கும். ஒன்றிலாவது முகம் தெரிகிறதா பாருங்கள். பிழை போனில்தான் என்று நினைத்து, புதுசு வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, கையில் காசு இருக்கவில்லை.

[காட்சி: கல்லடி, காலை. விறாந்தையில் இரண்டு கூடுகள்.]

மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீடு. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் இந்த விறாந்தை. இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு: இவன் கொக்கட்டெயில், பெயர் கச்சான். எங்கள் ஊரில் கச்சான் என்றால் கடலையும்தான், ஆடி மாதம் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் காற்றும்தான். இவன் அந்தக் காற்று மாதத்தில் வந்தான். வந்த அன்றே தங்கச்சியின் கையிலிருந்த கடலைச் சரையைப் பறித்தான். வேறு என்ன பெயர் வைப்பது?

மற்றக் கூட்டில் பச்சையாய் இருப்பவன் கொச்சி. நீலமாய் இருப்பவள் வாடை. கடையில் இவர்களை லவ் பேர்ட்ஸ் என்றுதான் தந்தார்கள். உண்மையில் இவை பட்ஜி. லவ் பேர்ட் என்பது ஆபிரிக்காவின் வேறொரு கிளி. பட்ஜியும் கொக்கட்டெயிலும் அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரிபவை. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் பட்ஜிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று அவை எங்கள் விறாந்தை வரைக்கும் வந்துவிட்டன. தென்னைக்கு மேலே கத்திக்கொண்டு போகும் நம்முடைய பச்சைக்கிளி வேறு. அதன் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து வளர்க்கிற வேலை வேண்டாம். அதைக் கீழே நின்று படம் எடுங்கள், போதும்.

[காட்சி: வாவிக்கு மேல் செம்பருந்து வட்டமிடுகிறது. வெட்டு. கச்சான் அசையாமல், உடம்பை ஒடுக்கி நிற்கிறான்.]

சரி, ஏன் எல்லாப் படத்திலும் வால்? இந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கிளிக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. சுற்றி நடப்பதெல்லாம் ஏறக்குறைய தெரியும். மேலிருந்து ஒன்று இறங்கினால் அதற்குப் பருந்து. நேர் எதிரே ஒரு கறுத்த வட்டம் நெருங்கி வந்தால், தன்னையே பார்க்கும் கண். நான் போனை எப்படி நீட்டினேன்? மேலிருந்து, நேராக, லென்ஸை முன்னால் பிடித்துக்கொண்டு. ஓடாமல் என்ன செய்யும்!

ஆகவே படம் எடுப்பதையே நிறுத்தினேன். பழைய போன் ஒன்றைக் கூட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாளே கொச்சி கம்பியில் தொங்கியபடி, கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தோடு கதை தொடங்கிவிட்டான். வாடைக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அதுவும் நான் விறாந்தையில் இல்லாத நேரம்தான் கிட்டே வருவாள்; யன்னலால் ஒளிந்து பார்த்தேன். கச்சானோ போனைக் கணக்கே எடுக்கவில்லை, அதன் உறையின் ரப்பர் ஓரத்தைத்தான் கடித்தான். சொன்னதையே சொல்பவரைக் கிளிப்பிள்ளை என்கிறோம். ஒரே கூட்டில், ஒரே தினையைத் தின்று வளரும் கொச்சியும் வாடையும் ஒரே போனைப் பார்த்த விதத்தையே கொஞ்சம் பாருங்கள்.

[காட்சி: கச்சானின் கொண்டை, கிட்டத்தில். மூன்று நிலைகள்.]

கொக்கட்டெயில் மனதை மறைக்கத் தெரியாத பிராணி. கொண்டை நெட்டுக்குத்தாக நின்றால் ஏதோ கவனத்தை இழுத்திருக்கிறது, இல்லாவிட்டால் பயம். பாதி சரிந்து நுனி வளைந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, சீறலும் வந்தால் கோபம். விரலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஜிக்குக் கொண்டை இல்லை, கண்ணைப் பார்க்க வேண்டும். உற்சாகம் ஏறினால் கருமணி சட்டென்று சுருங்கி விரியும். தூங்கப்போகும் முன் அலகைக் கறகறவென்று அரைப்பது திருப்தியின் அடையாளம். அந்த நேரத்துப் படத்தில் ஒரு சாந்தம் இருக்கும், ஆனால் வெளிச்சம் இருக்காது. எனக்கு இன்னும் சரிவரவில்லை.

[காட்சி: ஒரு படம். வாடை கூட்டின் தரையில், பஞ்சு உருண்டைபோல.]

இந்தப் படத்தில் கொஞ்சம் நிற்போம். இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தரையில் இருக்கிறாள். என்ன அழகு என்று எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். இதயம் இதயமாய் விழுந்தது. பெத்தா, எங்கள் பாட்டி, மட்டும் போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மனே, இப்ப பத்து மணி, வெயில் கொளுத்துது. இது ஏன் குளிருற மாதிரி இருக்கு?"

எனக்குச் சொரேரென்றது. வாடை ஒருநாளும் தரையில் இருப்பவள் கிடையாது. மேலிருந்து இரண்டாவது தடிதான் அவளுடைய இடம். மிருக வைத்தியரிடம் ஓடினோம். முட்டை வெளியே வராமல் அடைபட்டிருந்தது. சூட்டில் வைத்து, கல்சியம் கொடுத்து, அன்றிரவு தப்பினாள். பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் நிலைமை முற்றியிருக்கும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான். இரண்டு கூட்டிலும் கல்சியத்துக்காகக் கணவாய் ஓடு தொங்குவதும் அன்றிலிருந்துதான். கடற்கரையில் பொறுக்கியதை உப்புப் போக நன்றாக ஊறவைத்து, காயவைத்துக் கட்டினால் செலவே இல்லை.

[காட்சி: விறாந்தையில் சாய்வாக விழும் வெயில்.]

இனி வெளிச்சம். நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலை எட்டு மணி வரைக்கும் சாய்ந்த மென்வெயில் கிடைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குப் பிறகு எடுக்காதீர்கள், மஞ்சள் முகம் வெளுத்து வெள்ளைப் பூச்சாகிவிடும். மாரியில் வானம் மூடிக்கிடக்கும்போது பகல் முழுக்க எடுக்கலாம். ப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கொக்கட்டெயில் இருட்டில் திடுக்கிட்டால் கூட்டுக்குள் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும்.

[காட்சி: கொச்சியின் முதுகு. வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம்.]

கொச்சியின் பச்சை ஏன் இப்படி மாறுகிறது? இறகில் பச்சைச் சாயமே கிடையாது. இருப்பது மஞ்சள் சாயம். இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் பச்சை. வாடையிடம் அந்த மஞ்சள் இல்லை, அதனால் நீலம். இன்னொன்று: கிளிகளுக்குப் புற ஊதாக் கதிரும் தெரியும். கொச்சியின் நெற்றியில் வாடை பார்ப்பது எதுவோ, அது நம் போனில் ஒருநாளும் விழப்போவதில்லை.

[காட்சி: லென்ஸ் கூட்டுக் கம்பியோடு ஒட்டி இருக்கிறது.]

கம்பி படத்தில் விழாமல் இருக்க, லென்ஸைக் கம்பி இடைவெளிக்குள் ஒட்டிப் பிடியுங்கள். கிளி பின்பக்கக் கம்பியை விட்டுத் தள்ளி இருக்கும்போது எடுங்கள். உங்கள் கண் கிளியின் கண் உயரத்தில் இருக்கட்டும். நான் வாங்கில் குந்தி எடுக்கிறேன், முழங்கால் நோகும். ஃபோகஸ் கண்ணில். ஷட்டர் வேகம் 1/500 நொடி, இல்லாவிட்டால் அதைவிட வேகமாக வையுங்கள், கிளியின் தலை ஒரு நொடிகூட நிற்காது. முகத்தை நேராக எடுக்க மினக்கெட வேண்டாம். உங்களை உற்றுப் பார்க்கவேண்டும் என்றால் அது தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். அதுதான் அதன் முகம். கூட்டுக்கு வெளியே விட்டு எடுப்பதானால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள்.

[காட்சி: விறாந்தை, காலை. தூரத்தில் பாண் ஓட்டோவின் மெட்டு.]

இந்த வீடியோவின் முகப்பில் வரும் படம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? எங்கள் ஒழுங்கைக்கு ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ வரும். நமக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே கச்சானுக்குக் கேட்டுவிடும். கொண்டை எழும்பும், கழுத்து நீளும், பிறகு அதே மெட்டைச் சீட்டியில் அடிப்பான். ஒரு கிழமை பார்த்துவிட்டு, எட்டாம் நாள் வாங்கில் தயாராய் இருந்தேன். கொண்டை அசைந்தது, அழுத்தினேன். பதினான்கு படம். ஒன்பதாவதில் கண்ணுக்குள் விறாந்தைத் தூண்கூடத் தெரிகிறது.

[காட்சி: படம் திரை முழுக்க. சில நொடி அமைதி. பிறகு சீட்டிச் சத்தம்.]

இப்போதெல்லாம் ஓட்டோ வராத நாளிலும் அடிக்கிறான், நடுவில் ஓரிடத்தில் சுதி பிசகும். பக்கத்து வீட்டு மாமிக்கு அது விளங்காது. அதோ, கையில் சில்லறையோடு படலையில் நிற்கிறார்.