அதிகப் புள்ளி எடுப்பவர் ஏன் பெஞ்சில் இருக்கிறார்? கல்லூரிக் கூடைப்பந்து அணியின் முதல் ஐவர் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கும் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய கல்லூரி அணியில் 8ஆம் எண் சட்டையோடு ஆடும் மாணவர்தான் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் அதிகப் புள்ளி எடுக்கிறார். ஆனால் பயிற்சியாளர் அவரை முதல் ஐவரில் இறக்குவதில்லை. அந்த இடத்தில், ஆட்டத்துக்கு இரண்டு கூடை போட்டாலே பெரிது என்று பெயர் வாங்கிய 11ஆம் எண் மாணவர் இறங்குகிறார். இதை வைத்து விடுதியில் இரண்டு கட்சி பிரிந்து நள்ளிரவு வரை வாதம் நடக்கிறதாம். "ஏனுங்க சார், அத்தன பாயிண்ட் எடுக்கறவன உக்கார வெச்சுப்போட்டு, இவன எதுக்குங்க எறக்கறாங்க?" என்று எழுதியிருக்கிறார். கூடவே சில ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்தும், ஓர் ஆட்டத்தின் முழுக் காணொளியையும் அனுப்பியிருக்கிறார்.

காணொளியை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். தொடக்கத்தில் 8ஆம் எண்ணை உட்கார வைப்பதில் பயிற்சியாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் எடுத்த ஒரு முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்கோர் ஷீட்டைப் பார்ப்போம். இரண்டு கட்சிக்காரர்களும் அதைத்தான் சாட்சியாக வைத்து வாதாடுகிறீர்கள். பன்னாட்டுக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா வகுத்த முறைப்படி எழுதப்படும் அந்தத் தாளில், இரண்டு புள்ளிக் கூடைக்கு ஒரு சாய்வுக் கோடும், ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கறுப்புப் புள்ளியும் விழும். மூன்று புள்ளிக்குப் போட்டவரின் எண்ணைச் சுற்றி வட்டம் விழும். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஃபவுல், அணிக்கு எந்தக் குவாட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) எத்தனை ஃபவுல், டைம் அவுட் எப்போது என்பதும் இருக்கும். களத்தில் இறங்கியவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி இருக்கும். முதல் ஐவருக்கு அந்தக் குறியைச் சுற்றி வட்டம் போடுவார்கள். அந்தத் தாளில் அவ்வளவுதான். தவறிப்போன எறிதல் ஒன்றுகூட அதில் இல்லை. தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், கூடைக்கு வழி செய்யும் பாஸான அசிஸ்ட், பந்தைக் கோட்டை விட்ட டர்ன்ஓவர் எதுவும் இல்லை. யார் எந்த நிமிடத்தில் உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்பதும் இல்லை. நடுவருக்கும் கணக்கு எழுதும் மேசைக்கும் தேவையானதை எழுதுவதற்காக ஏற்பட்ட தாள் அது. ஒருவருடைய ஆட்டத்தை எடை போடுவதற்காக ஏற்பட்டதன்று. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசினால், பேச்சு புள்ளியையும் ஃபவுலையும் தாண்டி எப்படிப் போகும்?

இப்போது காணொளியில் மூன்றாவது குவாட்டரின் தொடக்கத்தைப் பாருங்கள். எதிரணி முழுக் களத்துக்கும் பிரஸ் போடுகிறது, அதாவது களம் முழுக்க ஒட்டி நின்று நெருக்குகிறது. தன் பாதிக் களத்திலிருந்து பந்தை எட்டு விநாடிக்குள் முன் பாதிக்குக் கொண்டுபோயாக வேண்டும். 11ஆம் எண் இரண்டு பேருக்கு நடுவே பந்தைத் தாழ்வாகத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைக் கடக்கிறார். பந்தைக் கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டருக்குக் கொடுத்துவிட்டு நேரே வலது பக்க மூலைக்கு ஓடி, 8ஆம் எண்ணைக் காவல் காக்கும் எதிரணி வீரரின் பாதையில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நிற்கிறார். காவலர் அவருடைய மார்பில் மோதி ஒரு நொடி தடுமாற, அந்த ஒரு நொடியில் 8ஆம் எண் மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே தனியாக நின்று பந்தை வாங்கிக் கூடையில் போட்டுவிடுகிறார். கேலரியில் எழும் கூச்சல் காணொளியிலேயே காதைப் பிளக்கிறது. ஸ்கோர் ஷீட்டில் 8 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது. பந்தைக் கொண்டுவந்ததும், காவலரை மறித்து ஸ்கிரீன் போட்டதும், சென்டர் கொடுத்த பாஸும் தாளில் ஏறவில்லை. இதே ஆட்டத்தில் இதுபோன்ற காட்சி ஒரு முறையோடு நிற்கவில்லை என்பதைத் தம்பியே மறுபடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

இதைச் சொன்னவுடன் 11ஆம் எண்ணின் கட்சிக்காரர்கள் கொடி பிடிக்க வேண்டாம். அவரிடம் ஒரு பெரிய குறை இருக்கிறது. தொலைவிலிருந்து அவர் எறிய மாட்டார் என்பது எதிரணிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே அவரைக் காவல் காக்க வேண்டியவர் அவரை அம்போ என்று விட்டுவிட்டுக் கூடைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, உங்கள் சென்டரை இரண்டு பேராக மறிக்கிறார்கள். இரண்டாவது குவாட்டரில் உங்கள் சென்டர் மூச்சுத் திணறியதற்குப் பாதிக் காரணம் இதுதான். எனவே 11ஆம் எண்ணை நீண்ட நேரம் வைத்திருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு.

அடுத்ததாக, 8ஆம் எண் எடுக்கும் புள்ளிகளை எப்படி மதிப்பது என்ற கேள்வி வருகிறது. ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு, அதற்கு எத்தனை முறை எறிந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒருவர் 26 முறை எறிந்து, எட்டு இரண்டு புள்ளிக் கூடையும் இரண்டு மூன்று புள்ளிக் கூடையும் போட்டு 22 புள்ளி எடுக்கிறார். இன்னொருவர் ஏழே முறை எறிந்து, ஐந்து இரண்டு புள்ளிக் கூடை போட்டு 10 புள்ளி எடுக்கிறார். முதல் ஆளுக்கு எறிதல் ஒன்றுக்கு 0.85 புள்ளிதான் தேறுகிறது. இரண்டாவது ஆளுக்கு 1.43 தேறுகிறது. மறுநாள் எல்லாரும் பேசுவது 22 எடுத்தவரைப் பற்றித்தான். அவர் தவறவிட்ட பதினாறு எறிதல்களில் பாதி எதிரணியின் கைக்குப் போய் அந்தப் பக்கம் கூடைக்கு அருகே ஓடிப் போடும் வேகமான லே-அப்பாக மாறியிருந்தால், அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது? உங்கள் 8ஆம் எண் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் எறிந்தவற்றில் பெரும்பாலானவை நல்ல எறிதல்கள்தான். ஒரு தாக்குதலுக்கு உள்ள 24 விநாடி முடியப்போகிறது என்பதற்காக வேறு வழியில்லாமல் எறிந்தவையும் சில இருந்தன. ஆனால் தவறியவற்றை எண்ணாமல் நீங்கள் வாதாடுவதால், அவர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் உங்களால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து ஆய்வாளர், ஓர் அணியின் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்தார்: எறிதலின் திறனுக்கு 40 சதவீதம், பந்தை இழக்காமல் காப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோ பெறுவதற்கு 15. இந்த எடைகள் தொழில்முறை ஆட்டத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. நம் கல்லூரி ஆட்டங்களுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கல்லூரி ஆட்டங்களில் பிரஸ் போட்டால் பந்தைப் பறிகொடுப்பது அதிகம் என்பதால், பந்தைக் காப்பதற்கு இன்னும் கூடுதல் எடை கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பந்தைக் கொண்டுவரத் தெரிந்த 11ஆம் எண்ணைப் பயிற்சியாளர் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது இதிலிருந்தே ஓரளவு புரியும்.

சரி, விடுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் இதையெல்லாம் எப்படி அளப்பது? அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் கடிகாரத்தில் மீதி எத்தனை நிமிடம், இரண்டு அணியின் புள்ளி என்ன, களத்தில் இருக்கும் ஐவர் யார் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். முதல் ஐவர் ஆடிய ஆறு நிமிடத்தில் ஆட்டம் 14க்கு 9 என்று இருந்தால், அந்த ஐவருக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளி வரவு. அடுத்த நான்கு நிமிடத்தில் 18க்கு 19 ஆகிவிட்டால், அப்போது உள்ளே இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஆறு புள்ளி பற்று. இதைத்தான் பிளஸ் மைனஸ் என்று சொல்கிறார்கள். ஓர் ஆட்டத்தின் பிளஸ் மைனஸை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில் எதிரணியின் நல்ல வீரர் ஓய்வில் இருந்திருந்தால் கணக்கே தலைகீழாகிவிடும். ஒரு பருவம் முழுக்க எழுதிவந்தால் எந்த ஐவர் சேர்ந்தால் ஆட்டம் ஓடுகிறது என்பது பிடிபட்டுவிடும். ஐவர் சேர்க்கைதான் இங்கே பேச்சு. தனி ஆளுக்கு மதிப்பெண் போடுவது அதற்குப் பிறகுதான்.

முதல் ஐவரில் வராதவர் இரண்டாம் தர ஆட்டக்காரர் என்ற எண்ணமும் உங்கள் வாதத்துக்கு அடியில் ஓடுகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் 2018 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லனோவா பல்கலைக்கழக அணி மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 79க்கு 62 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் 31 புள்ளி எடுத்து, அந்த இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரர் என்ற விருதையும் வாங்கியவர் டான்டே டிவின்சென்சோ. அவர் அன்றைக்கு முதல் ஐவரில் இல்லை, பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர். அந்த அணி சற்றுத் திணறலாகத் தொடங்கியபோது அவர் உள்ளே வந்துதான் ஆட்டத்தைத் திருப்பினார். நம் ஊரிலேயே நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்திய ஆட்டங்களைக் கோவையில் மாலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வரும் வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் பெஞ்சிலிருந்து யாரை அனுப்பினாலும் ஆட்டத்தின் சூடு குறையாது.

உங்கள் பயிற்சியாளர் 8ஆம் எண்ணைத் தாமதமாக இறக்குவதற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அவர் தற்காப்பில் கையை நீட்டிவிடுகிறார். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும். தொடக்கத்தில் எதிரணி புதுத் தெம்போடு உள்ளே புகுந்து வரும் நேரத்தில் அவரை இறக்கினால், முதல் குவாட்டரிலேயே இரண்டு ஃபவுல் ஏறிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். அந்த நேரத்தை 11ஆம் எண் தாங்கிக்கொள்கிறார்; நான்கைந்து நிமிடம் கழித்து, எதிரணிக் காவலர்கள் ஓடிக் களைத்தபின் 8ஆம் எண் புதிதாக வருகிறார். பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான நாக் அவுட் ஆட்டங்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு முறை இறங்க நேரும்போது, இந்தக் கால் களைப்புக் கணக்கு இன்னும் பெரிதாகிவிடும்.

இனி, நான் ஏற்காத இடத்துக்கு வருகிறேன். நான்காவது குவாட்டரில் ஏழு நிமிடம் மீதி இருக்கும்போது 8ஆம் எண்ணுக்கு நான்காவது ஃபவுல் விழுகிறது. பயிற்சியாளர் உடனே அவரை வெளியே அழைத்துக்கொள்கிறார். அதுவரை சரி. எதிரணிப் பயிற்சியாளர் இதைப் பார்த்தவுடன் ஆளுக்கு ஆள் காக்கும் மேன் டு மேனை விட்டு, இடத்தைப் பிரித்துக் காக்கும் ஜோன் போட்டுவிட்டார். வெளியே நின்று எறிய ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஐந்து பேரும் கூடையைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஜோனை உடைப்பதற்கு மூலையில் நிற்கும் நல்ல ஷூட்டர் வேண்டும். அந்த ஷூட்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திரும்ப இறக்கும்போது ஒன்றரை நிமிடம்தான் மிச்சம், அதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. ஐந்தாவது ஃபவுல் விழுந்துவிடுமே என்று அஞ்சி ஒருவரைப் பெஞ்சிலேயே வைத்திருந்தால், நடுவர் வெளியேற்றும் முன்பே நாமே வெளியேற்றியதாகத்தானே ஆகிறது? ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போதே அவரை இறக்கி, எதிரணியில் அதிகம் எறியாத ஆளைக் காவல் காக்கச் சொல்லியிருக்கலாம். 11ஆம் எண்ணையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. இரண்டு உயரமான ஆட்களில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, இவர்கள் இருவரையும் சேர்த்து ஆட விட்டிருந்தால் பந்தும் தடையில்லாமல் வந்திருக்கும், மூலையில் எறிய ஆளும் இருந்திருப்பார். அந்த ஆட்டம் முழுவதும் இவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய நேரம் மிகக் குறைவு. விடுதியில் நீங்கள் இவனா அவனா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, இருவரையும் ஏன் கூடுதல் நேரம் ஒன்றாக விடவில்லை என்பதைத்தான். கேலரியிலிருந்து கத்தாமல், பயிற்சி முடிந்த பிறகு மரியாதையாகப் போய்க் கேளுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில், முதலாம் ஆண்டிலிருந்து வந்திருக்கும் உயரமான மாணவருக்கு ஏன் அவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தார். உங்கள் சென்டர் இறுதியாண்டு மாணவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் படிப்பை முடித்துவிட்டுப் போனால் அடுத்த ஆண்டு கூடைக்கு அடியில் நிற்க ஆள் வேண்டும். தோற்றாலும் வென்றாலும் பாதகமில்லாத ஆட்டங்களில் இந்த முதலாம் ஆண்டு மாணவருக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். ஃப்ரீ த்ரோ எறியும்போது அவர் முழங்காலை மடக்காமல் வெறும் கையால் எறிகிறார், பந்து வளைவில்லாமல் தட்டையாகப் போய் வளையத்தின் முன்பக்கத்தில் அடித்துத் திரும்பிவிடுகிறது; அதை மட்டும் இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.