வெறியர்களை நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்கப் பழமைவாத அரசியலை அதிகம் கெடுத்தது அப்பட்டமான வெறியா, இரட்டை வேடமா?" இதுதான் இன்றைய தலைப்பு. இரட்டை வேடமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், சார்லட்ஸ்வில்லில் 2017 ஆகஸ்டில் தீப்பந்தம் ஏந்திப் போன வெள்ளை இனவெறி ஊர்வலத்தை நினைவுபடுத்தினார். எல் பாசோவில் 2019இல் 23 பேரும், பஃபலோவில் 2022இல் கறுப்பினத்தவர் 10 பேரும் கடைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டதைச் சொன்னார். "இரட்டை வேடம் யாரையும் சுட்டதில்லை" என்று முடித்துக் கைதட்டலும் வாங்கினார். அந்த மரணங்களில் ஒன்றைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, வெறியர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் ஓரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்களா, ஆட்சியின் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் தாமாக நடுக்கூடத்துக்கு வந்துவிடவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

லூசியானாவில் 1991இல் நடந்ததைப் பாருங்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் முன்னாள் தலைவர் டேவிட் ட்யூக் ஆளுநர் தேர்தலில் பழமைவாதக் கட்சியான குடியரசுக் கட்சிக்காரராக நின்றார். எதிரே ஜனநாயகக் கட்சியின் எட்வின் எட்வர்ட்ஸ். அவர் ஊழல் வழக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியவர் என்பது ஊருக்கே தெரியும். "திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்" என்று மக்கள் தங்கள் கார்களில் ஒட்டிக்கொண்டு போனார்கள். ட்யூக்குக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷே வெளிப்படையாகச் சொன்னார். முடிவு, எட்வர்ட்ஸுக்கு 61 சதவீதம், ட்யூக்குக்கு 39. அந்தத் தேர்தலில் வெள்ளை வாக்காளர்களில் பாதிக்கு மேல் ட்யூக்குக்குத்தான் போட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆபத்து அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இருந்தும் அவர் தோற்றதற்குக் காரணம், மேலே இருந்தவர்கள் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் பேசவில்லை. "இந்த ஆள் வேண்டாம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்பட்டமாகப் பேசினால் தோற்போம் என்பது அந்தக் கட்சிக்கு அதற்கு முன்பே தெரியும். 1964இல் அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர், சுதந்திரத்தைக் காக்கத் தீவிரமாக இருப்பது குற்றமல்ல என்று மாநாட்டு மேடையிலேயே முழங்கினார். இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, அதை ஒளிக்காமல் நின்றார். 50 மாநிலங்களில் 6 மட்டுமே அவருக்குக் கிடைத்தன. இதிலிருந்து கட்சியின் வியூகக்காரர்கள் என்ன பாடம் படித்தார்கள்? கொள்கையை மாற்ற வேண்டும் என்றல்ல, பேச்சை மாற்ற வேண்டும் என்று.

இது என் ஊகம் அல்ல. ரீகனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த லீ அட்வாட்டர் 1981இல் ஒரு பேட்டியில் இதை விளக்கியிருக்கிறார். ஒலிப்பதிவே இருக்கிறது. 1954இல் கறுப்பினத்தவரை இழிசொல்லால் திட்டியே ஓட்டுக் கேட்கலாம். 1968இல் அப்படிச் சொன்னால் நமக்கே அடி. அதனால் மாநில உரிமை என்பார்கள், அதாவது இன விவகாரத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பார்கள். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்க விடும் பேருந்தை எதிர்ப்பார்கள். அப்புறம் வரிக்குறைப்பு என்று பொருளாதாரம் பேசுவார்கள். கேட்க நாகரிகமாக இருக்கும், ஆனால் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கே அதிகம் வலிக்கும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். இதே அட்வாட்டர்தான் 1988இல் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்தினார். மூன்று ஆண்டு கழித்து ட்யூக்கை விலக்கிய அதே புஷ். வெறியை வாசலில் தடுத்த கட்சி, அதன் சரக்கை மட்டும் பின்வாசல் வழியாக வாங்கி வைத்துக்கொண்டது.

1980 ஆகஸ்டில் ஜனாதிபதி வேட்பாளராக ரீகன் மிசிசிப்பியில் பிலடெல்ஃபியா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு திருவிழாவில் பேசினார். 1964இல் சிவில் உரிமை ஊழியர்களான மூன்று இளைஞர்களைக் கொன்று மண் அணைக்குள் புதைத்த வட்டாரம் அது. அங்கே நின்று "மாநில உரிமைகளில் எனக்கு நம்பிக்கை உண்டு" என்றார். அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனவெறி என்று சுட்டிக்காட்ட அந்தப் பேச்சில் ஒரு வரிகூடக் கிடைக்காது. புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது.

எதிரணியினர், பின்னாளில் குடியரசுக் கட்சிக்கு மாறிய செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்டைத் தங்கள் பக்கச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவரை என் பக்கமே அழைத்துக்கொள்கிறேன். 1948இல் தென் கரோலினா ஆளுநராக இருந்தபோது ஜனாதிபதி தேர்தலில் நின்று அவர் பேசியது: எங்கள் திரையரங்குகளுக்குள், நீச்சல் குளங்களுக்குள், வீடுகளுக்குள், தேவாலயங்களுக்குள் கறுப்பினத்தவரை விடச் சொல்லி எங்களைப் பணிய வைக்க ராணுவத்தில் இருக்கும் மொத்தப் படையும் போதாது. 1957இல் சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க செனட்டில் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். (2025 வரை அந்தச் சாதனை நின்றது. முறியடித்தவர் கோரி புக்கர், கறுப்பின செனட்டர்.) பச்சையான இனவெறி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எங்கள் வீடுகளுக்குள்" என்று அவர் முழங்கிய 1948இல் அவருக்கு 22 வயதில் ஒரு கறுப்பின மகள் இருந்தார். பெற்றோர் வீட்டில் வேலை செய்த கறுப்பினச் சிறுமிக்கும் அவருக்கும் 1925இல் பிறந்தவர், எஸ்ஸி மே. மாநிலத்தின் கறுப்பினக் கல்லூரியில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தபோது ஆளுநரே போய்ப் பார்த்திருக்கிறார், பணம் கொடுத்திருக்கிறார். வெளியே சொன்னதில்லை. 2003இல் நூறு வயதில் அவர் இறந்த பிறகுதான், 78 வயதில், எஸ்ஸி மே தன் தந்தை யார் என்று உலகுக்குச் சொன்னார்.

தென் கரோலினா தலைமைச் செயலக வளாகத்தில் தர்மண்டின் சிலை நிற்கிறது. பீடத்தில் அவருடைய பிள்ளைகளின் பெயர்களைச் செதுக்கி, "நால்வரின் தந்தை" என்று எழுதியிருந்தார்கள். 2004இல் அதைத் திருத்தி "ஐவரின்" என்று மாற்றி, பட்டியலின் கடைசியில் எஸ்ஸி மேயின் பெயரைச் சேர்த்தார்கள். கல்லில் முன்பு இருந்த எழுத்தை நிரப்பி மேலே வெட்டிய அடையாளம் இன்றும் தெரிகிறது. அந்த வெறிக்குள் நம்பிக்கை எங்கே இருந்தது, சொல்லுங்கள்? தன் ரத்தத்தையே சாகும்வரை மறைத்துக்கொண்டு, மற்றவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாதே என்று செனட்டில் நின்றவர் அவர். வெறி அவருடைய மேடைப் பேச்சு. அந்த மேடையைத் தாங்கி நின்றது இரட்டை வேடம்.

ஜனநாயகக் கட்சியில் இரட்டை வேடக்காரர்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தர்மண்டே 1964 வரை அந்தக் கட்சிக்காரர்தான். இன்றைய தலைப்பு அதுவல்ல, அவ்வளவுதான்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரி 6. தேர்தலில் டிரம்ப் தோற்றதை ஏற்காத அவருடைய ஆதரவாளர் கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. காவலர்களை ஆதரிக்கிறோம் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடு போட்ட கொடி ஒன்று உண்டு. அந்தக் கொடியும் அந்தக் கும்பலில் பறந்தது. அதே கும்பல் ஒரு காவலரைப் படியில் இழுத்துப்போட்டு, அமெரிக்கக் கொடி கட்டிய கம்பாலேயே அடித்தது. சுமார் 140 காவலர்கள் காயமடைந்தார்கள். இதைச் செய்தவர்கள் வெறியர்கள் என்பதில் எதிரணிக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அன்று இரவு அவர்களை வெளியே தள்ளிவிட்டார்கள். அடுத்த நாற்பது நாளில் அவர்களை மறுபடி உள்ளே விட்டவர்கள் கோட் சூட் போட்டவர்கள்.

ஜனவரி 13 அன்று பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சித் தலைவர் கெவின் மெக்கார்த்தி, இந்தத் தாக்குதலுக்கு ஜனாதிபதி டிரம்ப் பொறுப்பு என்று சொன்னார். ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவுக்குப் போய் அதே டிரம்ப்போடு சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். இடையில் பதினைந்தே நாள்.

செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் என்ன செய்தார்? இந்தத் தாக்குதலுக்காக டிரம்ப் மீது செனட்டில் நடந்த கண்டனத் தீர்மான விசாரணையில், பிப்ரவரி 13 அன்று அவர் குற்றவாளி அல்ல என்று வாக்களித்தார். வாக்களித்த சிறிது நேரத்தில் எழுந்து நின்று, அன்று நடந்ததற்கு நடைமுறையிலும் தார்மீகத்திலும் டிரம்ப்தான் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை என்று உரையாற்றினார். அப்படியானால் ஏன் தண்டிக்கவில்லை? பதவியை விட்டுப் போனவரைத் தண்டிக்க இந்த அவைக்கு அதிகாரம் இல்லையாம், காலம் கடந்துவிட்டதாம். டிரம்ப் பதவியில் இருந்தபோதே செனட்டை உடனே கூட்டுங்கள் என்று கேட்டார்கள். கூட்ட மறுத்த பெரும்பான்மைத் தலைவர் யார்? இதே மெக்கானல். காலத்தைக் கடத்தியவரும் அவரே, காலம் கடந்துவிட்டது என்று சொன்னவரும் அவரே. 2024 மார்ச்சில் அதே டிரம்ப்பை ஜனாதிபதி வேட்பாளராக ஆதரிப்பதாகவும் அறிவித்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்றால் இதுதான்.

தொலைக்காட்சிக்கு வாருங்கள். 2020 நவம்பரில் தேர்தல் முடிந்ததும், ஓட்டு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற கதையைப் பழமைவாதச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. இயந்திர நிறுவனமான டொமினியன் வழக்குப் போட்டபோது, உள்ளே அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள் வெளியே வந்தன. அந்தக் கதையை அவர்களே நம்பவில்லை. டிரம்ப்பைத் தீவிரமாக வெறுக்கிறேன் என்று ஃபாக்ஸ் நெறியாளர் டக்கர் கார்ல்சன் எழுதியிருந்தார். தங்கள் நிறுவனத்து நிருபர் ஒருவர், மோசடிக்கு ஆதாரம் இல்லை என்று உண்மையை எழுதியதற்காக, அந்தப் பெண்ணை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி சக நெறியாளருக்குச் செய்தி அனுப்பினார். காரணம் என்ன தெரியுமா? கம்பெனியின் பங்கு விலை இறங்குகிறதாம். 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஜனவரி 6 அன்று கண்ணாடியை உடைத்தவன் பொய்யை நம்பி உடைத்தான், சிறைக்கும் போனான். அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்தே ஒளிபரப்பியவர்களில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, நடுவர் அவர்களே.

எதிரணியினரின் பலமான வாதம் ஒன்று உண்டு. "தலைவர்கள் வேடம் போட்டதே வெறியர்களுக்குப் பயந்துதான். ஆகவே மூல நோய் வெறிதான்" என்கிறார்கள். மிரட்டல் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அரிசோனாவில் ரஸ்டி பவர்ஸ் என்று ஒருவர் இருந்தார். மாநிலப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், பழுத்த பழமைவாதி, டிரம்ப்புக்காகப் பிரசாரம் செய்தவர். தேர்தல் முடிவை மாற்ற உதவுங்கள் என்று டிரம்ப்பே தொலைபேசியில் கேட்டார். சட்டத்தை மீற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் அவர் வீட்டு வாசலில் கும்பல் கூடியது. லாரிகளில் திரை கட்டி அவரை இழிவாகச் சித்திரித்து ஓட்டினார்கள். துப்பாக்கியோடு ஒருவன் வந்து பக்கத்து வீட்டுக்காரரை மிரட்டினான். வீட்டுக்குள்ளே அவருடைய மகள் மரணப் படுக்கையில் கிடந்தார். வெளியே கேட்ட கூச்சல் அந்தப் பெண்ணையும் எட்டியது. 2021 ஜனவரி கடைசியில் மகள் இறந்தார். 2022 ஜூனில் நாடாளுமன்றக் குழு முன் வந்து எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொன்னார் பவர்ஸ். ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார். பயம் அவருக்கும் இருந்திருக்கும். அவர் வேடம் போடவில்லை.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். ஜே.டி. வான்ஸ், 2016இல் டிரம்ப் "அமெரிக்காவின் ஹிட்லர்" ஆகக்கூடும் என்று நண்பருக்கு எழுதியவர். 2024இல் அதே டிரம்ப்போடு துணை ஜனாதிபதி வேட்பாளர். 2025 ஜனவரி 12 அன்று, ஜனவரி 6இல் வன்முறை செய்தவர்களுக்கு மன்னிப்பு கொடுக்கக் கூடாது என்றார். எட்டு நாள் கழித்து டிரம்ப் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார், காவலர்களை அடித்தவர்கள் உட்பட. அதையும் வான்ஸ் ஆதரித்துப் பேசினார்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். 2021 பிப்ரவரி 13 அன்று செனட்டில் டிரம்ப்புக்கு எதிராக 57 வாக்குகள், ஆதரவாக 43. தண்டிக்க 67 வேண்டும். பத்து வாக்குகள் குறைந்துபோயின. அந்தப் பத்து வாக்குகளைத் தராமல் போனவர்கள் தீப்பந்தம் ஏந்தியவர்களா, கண்ணாடியை உடைத்தவர்களா? அல்லது, நடந்தது என்ன என்று நன்றாகத் தெரிந்தும் இல்லை என்று வாக்களித்தவர்களா? பெயர் சொல்லிப் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.