சுவரைப் பார்த்தே எந்தக் கடல் என்று சொல்லலாம்! லிஸ்பன் முதல் பார்சிலோனா வரை ஒரு சொகுசுக் கப்பல் பயணம்

வணக்கம் நண்பர்களே!

திரையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தும் துறைமுகச் சுவர்தான். ஒன்று லிஸ்பன், இன்னொன்று பார்சிலோனா. ஊர்ப் பெயரை மறைத்துவிட்டேன். எது அட்லாண்டிக், எது மத்தியதரைக் கடல்? வீடியோவை நிறுத்திவிட்டு கமெண்டில் உங்கள் பதிலைப் போடுங்கள். அப்புறம் திரும்பி வாங்க.

போட்டாச்சா? சரி. இடதுபக்கச் சுவரைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிப் பாசி படிந்திருக்கிறது. சிப்பி ஒட்டியிருக்கிறது, ஈரம் இன்னும் காயவில்லை. வலதுபக்கச் சுவரில் பாசி எவ்வளவு? ஒரு சாண். அவ்வளவுதான். இடதுபக்கம் லிஸ்பன், வலதுபக்கம் பார்சிலோனா. ஒரே வாரத்தில் ஒரே கப்பல் இந்த இரண்டு சுவரிலும் போய் நிற்கிறது. நடுவில் என்னதான் நடக்கிறது? இன்றைய வீடியோ முழுக்க அதுதான்.

முதலில் கப்பலைப் பற்றிச் சுருக்கமாக. இந்த மாதிரிச் சின்னச் சொகுசுக் கப்பலை யாட் என்பார்கள். அந்தப் பெயர் டச்சு மொழியில் வேட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கொள்ளைக்காரர்களை விரட்டிப் பிடிக்க ஓட்டிய வேகமான சிறு கப்பல்கள் அவை. இன்றைக்கு அந்தப் பெயரில் ஓடும் கப்பல்களில் ஓர் உதாரணம் எவ்ரிமா. ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்காரர்களின் கப்பல், 2022 அக்டோபரில் பார்சிலோனாவிலிருந்து முதல் பயணம் போனது. நீளம் 190 மீட்டர், பயணிகள் 298 பேர். 2024-ல் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 7,000 பேருக்கும் மேல் ஏறலாம், நீளம் 365 மீட்டர். அதாவது நீளம் பாதிதான் குறைகிறது, கூட்டமோ இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பளிங்குக் குளியலறை, ஷாம்பெயின் எல்லாவற்றையும் மற்ற சேனல்களில் நிறையவே காட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இவ்வளவு பணம் கொடுப்பதற்கு ஒரே நல்ல காரணம், சின்னக் கப்பல் போகும் இடத்துக்குப் பெரிய கப்பலால் போக முடியாது என்பதுதான். எங்கே என்று பார்ப்போம்.

புறப்படும் இடம் லிஸ்பன். தேஜோ நதி கடலில் கலக்கும் இடம். 1497 ஜூலை 8 அன்று வாஸ்கோ ட காமா இங்கிருந்து கிளம்பித்தான் அடுத்த ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். ஆற்றோரம் பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. வெள்ளைக் கல்லில் நுணுக்கி நுணுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். 1501-ல் ஆரம்பித்த அந்தக் கட்டடத்துக்குப் பணம் வந்த வழிகளில் முக்கியமானது, மிளகு முதலான வாசனைப் பொருள் வியாபாரத்தின் மீது போட்ட வரி. மலபார்க் கரையில் பறித்துக் காயவைத்த மிளகு, அங்கே கல்லாக நிற்கிறது. இன்னொன்றும் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. நம் தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியதும் இதே லிஸ்பனில்தான், 1554-ல்! எழுத்து ரோமன் எழுத்து, வார்த்தை தமிழ். தமிழ் எழுத்திலேயே அச்சான புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்தது. சன்னல், மேசை, சாவி, அலமாரி என்று நம் வீட்டுக்குள் இருக்கும் போர்ச்சுகீசியச் சொற்களை நினைத்துக்கொண்டு லிஸ்பன் தெருவில் நடந்தால் அந்த ஊர் கொஞ்சம் நெருங்கி வந்துவிடும்.

அடுத்தது ஸ்பெயினின் செவில். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. வரைபடத்தைப் பாருங்கள். செவில் கடற்கரையில் இல்லை, கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பெரிய கப்பல்கள் காடிஸ் துறைமுகத்தில் நின்றுவிடும். பயணிகள் பஸ் பிடித்து ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். சின்னக் கப்பல் மட்டும் குவாதல்கிவிர் ஆற்றுக்குள் நுழைந்து நேராக ஊருக்கே வந்துவிடும். அந்தப் பெயரே அரபுச் சொல்தான், அல் வாதி அல் கபீர், பெரிய ஆறு என்று பொருள்.

இப்போது கப்பலின் மேல்தளத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தோன்யானா தேசியப் பூங்காவின் சதுப்பு நிலம், நாரைகள், பூநாரைகள். ஆற்றைச் சுற்றிய தாழ்நிலத்தில் என்ன விளைகிறது தெரியுமா? நெல்! ஸ்பெயினில் நெல் மிக அதிகமாக விளையும் பகுதி இதுதான். நாற்று நடுவதில்லை, சின்ன விமானத்தில் பறந்து விதையைத் தூவுகிறார்கள். கடல் கப்பல் ஒன்று வயல்காட்டுக்கு நடுவே ஊர்ந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது, கப்பல் மட்டும் பச்சைக்கு மேலே நகர்வது போல இருக்கும். இந்தக் காட்சியை எந்த நட்சத்திர ஹோட்டலும் தர முடியாது. கடைசியில் ஒரு மதகு. அதைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலம் போல நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கும் பாலம். கப்பல் நுழைந்து நகரத்துப் பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கும். இறங்கி அரை மணி நேரம் நடந்தால் கொலம்பஸ் கல்லறை இருக்கும் பேராலயம். 1519 ஆகஸ்ட் 10 அன்று மகெல்லன் 5 கப்பல்களோடு புறப்பட்டது இந்த ஆற்றங்கரையிலிருந்துதான். மூன்று வருடம் கழித்து உலகத்தைச் சுற்றித் திரும்பியது ஒரே கப்பல், அதில் 18 பேர். மகெல்லன் அவர்களில் இல்லை, வழியிலேயே இறந்துவிட்டார்.

சரி, அந்த மதகு எதற்கு? நிலாவின் இழுப்பால் கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குகிறது இல்லையா, அதுதான் ஓதம். அந்த ஓதம் இந்த ஆற்றில் செவிலையும் தாண்டி மேலே ஏறுகிறது. கனமான கப்பல்கள் அந்த ஏற்றத்தின் முதுகில் ஏறித்தான் உள்ளே வருகின்றன. ஊருக்குள் நிற்கும் கப்பல் ஏறி இறங்காமல் இருக்க மதகு போட்டுத் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். லிஸ்பனில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் 3 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். காடிஸிலும் கிட்டத்தட்ட 3 மீட்டர். ஜிப்ரால்டரில் சுமார் 1 மீட்டர். மலகாவில் அதைவிடக் குறைவு. பார்சிலோனாவில் வெறும் 20, 30 சென்டிமீட்டர், அதாவது நம் ஒரு சாண். நிலா ஒன்றுதானே? பிறகு ஏன் இப்படி?

வாசல் சின்னது! அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். உள்ளே இருக்கும் மத்தியதரைக் கடலோ 25 லட்சம் சதுர கிலோமீட்டர். அட்லாண்டிக் பொங்கி நிற்பது ஆறு மணி நேரம்தான். அதற்குள் அந்தச் சந்து வழியாகப் புகுந்து இவ்வளவு பெரிய அண்டாவின் மட்டத்தை ஏற்ற முடியாது. ஆரம்பிப்பதற்குள் அட்லாண்டிக் இறங்க ஆரம்பித்துவிடும். மத்தியதரைக் கடலை நிலா நேரடியாகவும் இழுக்கிறது. ஆனால் பெருங்கடல் போலப் பெரிதாக எழும்ப அதற்கு இடம் போதாது.

இதனால் வாழ்க்கையே மாறிவிடுகிறது. கி.மு. 55-ல் ஜூலியஸ் சீசர் பிரிட்டனுக்குப் படையெடுத்துப் போனபோது பௌர்ணமி இரவில் கடல் ஏறி, கரையில் இழுத்து வைத்த கப்பல்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பெருங்கடலில் பௌர்ணமி அன்று ஏற்றம் உச்சத்துக்குப் போகும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய ராணுவம், மத்தியதரைக் கடலை வீட்டுக் குளம் போல வைத்திருந்தவர்கள்! அதே நூற்றாண்டில் பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் என்ன செய்தார் தெரியுமா? ஓதத்தைப் பார்ப்பதற்காகக் காடிஸில் பல நாள் தங்கி, நிலாவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தார். பெரிய கப்பல்கள் நின்றுவிடும் என்று சொன்னேனே, அதே காடிஸ்.

இன்னொரு வித்தியாசம். மத்தியதரைக் கடல் ஊர்களில் யாட்களைக் கரையோரம் பின்புறமாக நிறுத்துவார்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து வரிசையாக நிறுத்துவது போல. முன்பக்கம் நங்கூரம், பின்பக்கம் இரண்டு கயிறு, ஒரு பலகை. பலகையில் இறங்கினால் காபிக் கடை. அட்லாண்டிக் துறைமுகத்தில் இப்படிக் கட்டிவிட்டுத் தூங்கினால், காலையில் பலகை செங்குத்தாக நிற்கும், கயிறு முறுக்கேறித் தெறிக்கும். அதனால் அங்கே சின்னப் படகுகளுக்கு மிதக்கும் மேடை போட்டிருக்கிறார்கள். தண்ணீரோடு மேடையும் ஏறும், இறங்கும்.

ஓதம் அவ்வளவாக நுழையவில்லை, சரி. ஆனால் தண்ணீர் நுழைகிறது! மத்தியதரைக் கடலில் வெயிலுக்கு ஆவியாகிப் போகும் நீர், மழையும் ஆறுகளும் கொண்டுவரும் நீரைவிட அதிகம். அந்தக் குறையை ஈடுகட்ட அட்லாண்டிக் நீர் மேல்பக்கமாக உள்ளே பாய்கிறது. உள்ளே ஆவியாகி ஆவியாகி உப்பேறிக் கனத்த நீர் அடிப்பக்கமாக வெளியே போகிறது. ஒரே நீரிணையில் மேலே கிழக்கு நோக்கி ஓர் ஓட்டம், அடியில் மேற்கு நோக்கி ஓர் ஓட்டம். உள்ளே வருவது விநாடிக்குச் சுமார் 8 லட்சம் கன மீட்டர். அமேசான் நதியைப் போல நான்கு மடங்கு!

இதை நம்பவைக்கத்தான் இந்தப் பெட்டி. இது நான் மேசையில் செய்து பார்த்தது, வெட்டாமல் காட்டுகிறேன். சாப்பாடு வைக்கும் கண்ணாடி டப்பா. நடுவில் பிளாஸ்டிக் தட்டியை மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன். தட்டியில் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை, இரண்டையும் டேப் போட்டு மூடியாச்சு. ஒரு பக்கம் நீல மை கலந்த குழாய்த் தண்ணீர். இன்னொரு பக்கம் கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர். இரண்டும் ஒரே மட்டம். இப்போது இரண்டு டேப்பையும் உரிக்கிறேன். பாருங்கள், பாருங்கள்! நீலம் மேல் ஓட்டை வழியாக நழுவிப் போய்ச் சிவப்புக்கு மேலே ஆடை மாதிரிப் படர்கிறது. சிவப்பு கீழ் ஓட்டை வழியாக வந்து நீலத்துக்கு அடியில் தரையோடு ஊர்கிறது. யாரும் தள்ளவில்லை, கனம்தான் தள்ளுகிறது. நான் இதை நான்கு தடவை செய்தேன், நான்கு தடவையும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

இந்தச் சோதனை என் யோசனை இல்லை. 1680 வாக்கில் மார்சிலி என்ற இளைஞர், இத்தாலியில் பொலோன்யா ஊர்க்காரர், இஸ்தான்புல்லின் போஸ்பரஸ் நீரிணையில் வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். ஓர் ஆழத்துக்குக் கீழே தக்கைகள் எதிர்ப்பக்கம் போயின. பிறகு தடுப்பு வைத்த பெட்டியில் இதே மாதிரி செய்து காட்டினார். அடியில் எதிர் ஓட்டம் இருப்பதை அவருக்குச் சொன்னவர்களில் அந்த ஊர் மீனவர்கள் உண்டு. வலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தினமும் கையில் உணர்ந்தவர்கள் அவர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்.

மிச்ச ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிப்ரால்டரில் 426 மீட்டர் பாறையும், ஐரோப்பாவில் வேறெங்கும் காட்டில் திரியாத குரங்குகளும். மலகா பிக்காசோ பிறந்த ஊர். அப்புறம் பார்சிலோனா, பயணம் முடிகிறது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டே விஷயம். பயணத் திட்டத்தில் செவில் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, கப்பல் செவிலிலேயே நிற்கிறதா, காடிஸில் நின்று பஸ்ஸில் கூட்டிப்போகிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். மொராக்கோவின் டான்ஜியரும் வழியில் இருந்தால் ஷெங்கன் பகுதியை, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டு வெளியேறித் திரும்பி நுழைவீர்கள், அதனால் பல முறை நுழையும் விசா எடுங்கள்.

லிஸ்பனில் கப்பல் நிற்கும்போது காலையில் ஒரு தடவை, ஆறு மணி நேரம் கழித்து ஒரு தடவை, அதே இடத்தில் நின்று அந்தச் சுவரைப் படம் எடுங்கள். பார்சிலோனாவிலும் அப்படியே எடுங்கள். நான்கு படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த வீடியோவில் திரையில் போடுகிறேன்.