ஒரு மாதம் ஊர்ச்சாப்பாடு: மட்டக்களப்பில் எப்படி நடத்துவது?

[காட்சி: குசினி மேசையில் மளிகைச் சாமான்கள்]

குசினியில் இருக்கிற சாமான்களை எடுத்து மேசையில் வையுங்கள். மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, பால்மா எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. லீக்ஸும் கரட்டும் மலைநாட்டிலிருந்து லொறியில் வந்தவை. நம் மண்ணில் விளைந்தது எது? சிலவேளை அரிசிகூட அதில் சேராது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு ஊர்ச்சாப்பாட்டின் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விளைவதை மட்டும் ஒரு மாதம் சாப்பிடுவது என்று ஊராகச் சேர்ந்து ஒரு சவால் வைக்கலாம். அதை நடத்தும் விதம்தான் இந்த வீடியோ.

[காட்சி: இலங்கை வரைபடம், மட்டக்களப்பைச் சுற்றி ஒரு வட்டம்]

முதலில் எல்லை. 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் சில பெண்கள் இப்படி ஒரு சவாலைத் தொடங்கினார்கள். 100 மைலுக்குள் விளைந்ததுதான் சாப்பாடு என்பது அவர்களுடைய கணக்கு. நமக்கு அது சரிவராது. மட்டக்களப்பு நகரை நடுவில் வைத்து 100 மைல் வட்டம் போட்டால் கண்டி, தம்புள்ளை, நுவரெலியா எல்லாம் உள்ளே வந்துவிடும். லீக்ஸும் ஊர்ச்சாப்பாடு ஆகிவிடும், பிறகு என்ன சவால்? மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்கள் போதும். வயல், வாவி, கடல், சேனை (மழையை நம்பிய மேட்டுநிலப் பயிர்) எல்லாமே இதற்குள் இருக்கின்றன.

மாதம் பங்குனி. பெரும்போகம் அறுத்துப் புதுநெல் வீட்டுக்கு வந்திருக்கும். மார்கழியில் தொடங்கினால் மரக்கறித் தோட்டம் வெள்ளத்தில் நிற்கும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்தவர்களும் சேர்வதென்றால் ரமழான் நோன்பு எப்போது வருகிறது என்று கேட்டுவிட்டுத் திகதி வையுங்கள்.

[காட்சி: படுவான்கரை வயல், பிறகு ஊர் மில்]

இப்போது அரிசி. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் விளையும் நெல்லில் ஒரு பங்கு வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போய், பளபளக்கும் பையில் அரிசியாகத் திரும்பி நம் கடைக்கே வருகிறது. விளைந்த இடம் அந்தப் பையில் இருக்காது. அதனால் கடையில் தேடி மினக்கெடாமல், பத்துக் குடும்பம் சேர்ந்து தெரிந்த வேளாண்மைக்காரர் ஒருவரிடம் நெல்லாகவே வாங்குங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி வேண்டுமென்றால், ஏறக்குறைய 55 கிலோ நெல் போதும். அவித்துக் காயவைத்து ஊர் மில்லில் குற்றலாம். தவிடும் உங்களுக்கே, கோழிக்கு ஆகும்.

கறிக்குப் பஞ்சமே இல்லை. வாவி இறால், நண்டு, ஜப்பான் மீன் (திலாப்பியா), களுதாவளைப் பக்கத்துக் கத்தரிக்காய், முருங்கை, பொன்னாங்காணி, வீட்டுத் தேங்காய், சட்டித் தயிர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். காலையில்தான் சிக்கல். பாண் கிடையாது, ஏனென்றால் இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பிட்டு அவிக்கலாமே என்பீர்கள். அதிலும் எத்தனை வீடுகளில் பாதி கோதுமை மாதானே? முழு அரிசி மாப் பிட்டு முதல் வாரம் கொஞ்சம் உதிரும், பழகிவிடும்.

பருப்புக்குப் பதில் பயறு, கௌபி. இதை எழுதுவது சுலபம், சோற்றுக்குப் பருப்பில்லாமல் அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது அப்படியல்ல.

[காட்சி: சுவரில் ஒட்டிய விதித் தாள்]

விலக்கு என்ன என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உப்பு, தேயிலை, கறித்தூள் சாமான், மருந்து, குழந்தைகளின் பால்மா ஆகியவற்றுக்கு விலக்கு. நோயாளிக்கு டொக்டர் சொன்னதுதான் சாப்பாடு. சீனியில் சண்டை வரும். அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குரானையில் சீனி ஆலை இருக்கிறது, ஆனால் கடையில் நிறுத்துத் தருவது அந்தச் சீனிதானா என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். பதில் இல்லையா, விட்டுவிடுங்கள்.

எல்லாரையும் முழு மாதத்துக்கு இழுக்காதீர்கள். ஒரு நேரச் சாப்பாடு மட்டும் என்று சேருகிற வீடும் கணக்கில் வரட்டும். கூலிக்குப் போய்விட்டு இருட்டினபிறகு வருகிற அக்காவுக்குக் கீரை ஆய நேரம் எங்கே? அவருக்காகப் பகல் சோறு மட்டும் என்ற ஏற்பாடு வேண்டும். கூட்டத்தை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வைத்தால் பெரும்பாலும் சமைக்கிறவர்களே வந்து பேசுவார்கள். ஆண்கள் மட்டும் கூடிப் போட்ட விதி இரண்டாம் நாளே அடுப்படியில் முறிந்துவிடும்.

[காட்சி: வாட்ஸ்அப் குழு, பெயர்ப் பட்டியல்]

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதோடு நிற்காமல், தேடியும் கிடைக்காத பொருளை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ பயறு தேவைப்பட்டது, என்ன விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்ற விபரம் அதில் வேண்டும். மாத முடிவில் அந்தக் கணக்கைக் கூட்டி, சேனைக்காரரிடமும், விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்திலும் கொடுங்கள். அடுத்த போகத்துக்கு விதை வாங்கும் முன்னரே அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.