"நரம்புத் தளர்ச்சி"ன்னு ஒரே பேரு வச்சுட்டோம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? கேட்டாகணும், ஏன்னா தலைப்பைப் பார்த்துட்டு முன்வரிசையில ஒருத்தர் கூட உக்காரல.

நான் சுகர் டாக்டர். என்கிட்ட வர்றவர் கால் எரிச்சல் சொல்வார், எத்தனை இட்லி சாப்பிடலாம்னு கேப்பார், கூட வந்த வீட்டம்மா மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு எறங்கிப் போனதும் கதவை ஒருதடவை பார்த்துட்டு "டாக்டர், கொஞ்ச நாளா நரம்புத் தளர்ச்சியா இருக்கு"ம்பார். ஆசையே வரலன்னாலும் நரம்புத் தளர்ச்சி, ஆசை இருந்தும் விறைப்பு வரலன்னாலும் நரம்புத் தளர்ச்சி, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுட்டாலும் அதே பேருதான். மூணும் வேற வேற பிரச்சனைங்க, காரணமும் வேற, வைத்தியமும் வேற. எல்லாத்துக்கும் ஒரே லேகியம் விக்கிறவங்களுக்கு இந்த ஒத்தப் பேருதான் மூலதனம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. விறைப்பு வரணும்னா உள்ள இருக்கற ரத்தக்குழாய் தளரணும். நரம்பு நுனியிலயும் குழாய் சுவர்லயும் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு சுரக்கும், அது குழாயைத் தளர்த்தும், ரத்தம் உள்ள பாஞ்சு நிக்கும், அவ்ளோதான் சமாசாரம். அந்த வாயு உடம்புல சிக்னலா வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு 1998ல மூணு பேருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க, அதே வருஷம் மார்ச்லதான் அமெரிக்காவுல வயாக்ராங்கற விறைப்பு மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. அது நெஞ்சுவலிக்குன்னு சோதிச்சுப் பார்த்த மருந்து, நெஞ்சுக்கு பெருசா எடுபடல, வேற இடத்துல எடுபட்டுடுச்சு!

நெஞ்சுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இருக்கறதாலதான் இதை இவ்ளோ நேரம் சொல்றேன். இதயத்துக்குப் போற குழாய் சுமார் 3, 4 மில்லிமீட்டர் அகலம், ஆணுறுப்புக்குப் போறது 1, 2 மில்லிமீட்டர்தான். சுகர், பிரஷர், கொழுப்பு, சிகரெட் இதெல்லாம் குழாயைக் கெடுக்கும்போது சின்னக் குழாய்லதான் முதல்ல தெரியும். பல பேருக்கு இந்தப் பிரச்சனை வந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நெஞ்சுவலி வருது. அதனால 45 வயசுக்காரர் ஒருத்தர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னா நான் மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி மூணு மாச சராசரி சுகரும் கொழுப்பும் பார்ப்பேன், மாடிப்படி ஏறினா நெஞ்சு அழுத்துதான்னு கேப்பேன். அவர் என்னடா இது, நாம ஒண்ணு கேட்டா இவர் ஒண்ணு கேக்கறாரேன்னு முழிப்பார்.

காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா? வெக்கப்படாம கவனிங்க. அது நல்லா இருந்து ராத்திரி மட்டும் வரலன்னா குழாய் பெரும்பாலும் ஓகே, கோளாறு மனசுல. புதுசா கல்யாணமான பசங்களுக்கு இதுதான் ஜாஸ்தி. ஒருநாள் அசதியில முடியாம போயிருக்கும், மறுநாள்ல இருந்து பரீட்சை எழுதற மாதிரி பயந்து பயந்து படுக்கறது, பயந்தா குழாய் சுருங்கத்தான் செய்யும். விந்து போனா ரத்தம் போச்சு, சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்ததால இப்படி ஆயிடுச்சுன்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய்.

ஆசையே இல்லைங்கறது தனிக்கதை. தூக்கம் இல்லாம ஷிப்ட் பார்த்தா, தைராய்டு குறைஞ்சா, மனச்சோர்வு இருந்தா ஆசை போயிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கற சில மாத்திரையும் ஆசையைக் குறைக்கும், அதுக்காக நீங்களா நிறுத்தக்கூடாது, எழுதின டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவார். ஆம்பளை ஹார்மோன் டெஸ்ட்டை காலையில எடுக்கணும், குறைவா வந்தா இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கணும், சாயங்காலம் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சு ஊசி போட்டுக்காதீங்க, அந்த ஊசி விந்தணுவையே குறைச்சிடும்.

பெண்கள் பக்கம் வர்றேன், நிறைய பேர் வந்திருக்கீங்க, சந்தோஷம். பால் கொடுக்கற காலத்துல பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோன் ஏறியும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எறங்கியும் இருக்கும், அதனால ஆசையும் குறையும், வறண்டு போய் வலிக்கவும் செய்யும், மாதவிடாய் நின்ன பிறகும் அதே வறட்சிதான். வலிக்கற விஷயத்து மேல யாருக்குங்க ஆசை வரும்? "அவளுக்கு என்மேல பாசம் போயிடுச்சு"ன்னு புருஷன் புலம்பறார், அந்தம்மாவுக்குத் தேவை ஒரு க்ரீமும் ராத்திரி குழந்தையைப் பார்த்துக்க இன்னொரு ஆளும்.

லாட்ஜ்ல ரூம் போட்டு வைத்தியம் பார்க்கறவங்களைப் பத்தி அதிகம் பேச விரும்பல. இந்த மாதிரி விளம்பரமே கூடாதுன்னு 1954லயே சட்டம் வந்தாச்சு, ஆனா சுவத்துல போஸ்டர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. மூலிகைன்னு விக்கற சிலதுல அந்த வயாக்ரா மருந்தையே பொடி பண்ணிக் கலந்திருக்காங்க. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவர் தெரியாம இதையும் சாப்பிட்டா பிரஷர் சரசரன்னு எறங்கி உயிருக்கே ஆபத்து.

சரி, உங்க கேள்விச் சீட்டு வந்திருக்கு. "பிரஷர் மாத்திரையாலதான் எனக்கு இப்படியா?" இருக்கலாம், சில பழைய வகையும் நீர் பிரியற மாத்திரையும் அப்படிச் செய்யும், மாத்தலாம், வேற நிறைய இருக்கு. அடுத்தது... எழுதி எழுதி அடிச்சிருக்கு, ஒண்ணும் புரியல. எழுதினவங்க கூட்டம் முடிஞ்சதும் படிக்கட்டுப் பக்கம் வாங்க, பேரு கேக்க மாட்டேன்.