முதலாளியிடம் கணினி கேட்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் தொழில். வேலைக்கு ஏற்ற கணினியை முதலாளியிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைப் பற்றிப் பேச நெடுநாள் ஆசை எனக்கு.

கொங்குநாட்டு முதலாளிகளுக்குக் கை இறுக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் என்றால் அதே முதலாளி பேரம் பேசுவார், ஆனால் வாங்கிவிடுவார். துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு வங்கிக் கடன்கூட எடுப்பார். அது ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறார். ஷிப்டுக்கு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். கணினியோ அவர் கணக்கில் நாற்காலி, மேசையோடு சேர்ந்த ஆபீஸ் செலவு. நாமும் போய், "இந்த கம்பெனி லேப்டாப், பதினாறு ஜிபி ரேம்" என்று நின்றால், அது அவர் காதில் ஆசையாகத்தான் விழும். கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். இதை இன்னும் ஒரு முறையாவது சொல்லப்போகிறேன்.

ஒரு நிறுவனத்தில் மார்க்கர் போடும் பெண் ஒருவர். துணியை வெட்டும் முன், முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கும் படமே மார்க்கர். மென்பொருளைச் சற்று அதிக நேரம் கணக்கிட விட்டால் அடுக்கு இன்னும் நெருங்கும், கட்டிங் வேஸ்ட் குறையும். அவருடைய பழைய கணினி பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். கிடைத்த அடுக்கோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் விலை பேசவே இல்லை. சாம்பிள் பிரிவில் இருந்த புதிய கணினியை ஒரு மதியம் கேட்டு வாங்கி, அதே ஸ்டைல், அதே அகலம், அதே சைஸ்களுக்கு மார்க்கர் போட்டார். பழையது, புதியது இரண்டையும் பெரிய தாளில் படம் அச்சிடும் பிளாட்டரில் அச்சிட்டு, கட்டிங் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துவிட்டு, "சார், ஒரு நிமிடம் வந்து பாருங்கள்" என்றார். முதலாளி டேப்பை எடுத்து இரண்டையும் தாமே அளந்தார். புதியது நீளத்தில் நான்கு விரற்கடை குறைவு. கணினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த ஆர்டருக்கு மொத்தம் எத்தனை லே, அம்மணி? ஒரு லேவுக்கு எத்தனை அடுக்கு?" என்று கேட்டார். ஒரே தடவையில் வெட்டுவதற்காகத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவதே லே. கால்குலேட்டரை எடுத்தார். பெருக்கினார். துணி கிலோவாக மாறியது, கிலோ ரூபாயாக மாறியது. "கொட்டேஷன் வாங்கி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெண் தொகையைச் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிப் பெருக்கலை முதலாளியிடமே விட்டார். நாம் சொல்லும் தொகையை அவர் சந்தேகப்படுவார். தாமே போட்ட கணக்கைச் சந்தேகப்பட மாட்டார். பனியன் தொழிலில் துணிதான் பெருஞ்செலவு என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதைக் கணக்குப் பிரிவிலும் செய்யலாம். பில் போடும்போது திரை உறைந்து நிற்க, லாரி வாசலில் காத்திருப்பதை அவரே பார்க்கட்டும். கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடிட்டரையும் துணைக்கு அழையுங்கள். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு செலவாகக் கழித்துக்கொள்ளும் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால், கணினிக்கு 40 சதவீதம். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்த முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

தேவைக்கு மேல் கேட்காதீர்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டாலி மட்டுமே வேலை என்றால் விண்டோஸ் கணினி போதும். ஆப்பிள் கேட்டால் அடுத்த முறை நம் பேச்சு எடுபடாது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டாலே சரியாகிவிடும் என்றால், அதையும் நாமே சொல்லிவிட வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது; உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள். கொட்டேஷனில் சர்வீஸ் சென்டர் கோவையிலா, திருப்பூரிலா என்பதையும் எழுதிக் கொடுங்கள். முதலாளி அதைத்தான் முதலில் கேட்பார். வணக்கம்.