ட்ரோனை வரையும் தராசு

நேயர்களுக்கு வணக்கம்.

2019 இறுதியில் விற்பனைக்கு வந்த மேவிக் மினி என்ற சிறிய ட்ரோனின் எடை 249 கிராம். ஜப்பானில் விற்ற அதே ட்ரோன் மட்டும் 199 கிராம். கேமரா மாறவில்லை, பேட்டரிதான் மாறியது. மற்ற நாடுகளுக்கு 2,400 மில்லி ஆம்பியர்-அவர், ஜப்பானுக்கு 1,100. 30 நிமிடம் பறப்பது 18 நிமிடத்தில் தரையிறங்கியது.

இதற்குக் காரணம் சட்டம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் ட்ரோன் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பதிவு தேவையில்லை. ஜப்பானில் அப்போது ட்ரோன் பறப்பதற்கான கட்டுப்பாடுகள் தொடங்கும் எல்லை 200 கிராம். 2022 ஜூனில் ஜப்பான் அதை 100 கிராமாகக் குறைத்தது. 199 கிராமுக்காக விட்டுக்கொடுத்த அந்த 12 நிமிடத்துக்கு அதோடு பலனே இல்லாமல் போனது.

250 என்ற எண் 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அமைத்த குழு போட்ட கணக்கில் வந்தது. மேலிருந்து ட்ரோன் ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்து, 80 ஜூல் ஆற்றலை எல்லையாக வைத்தார்கள். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விழும் 250 கிராம் பொருளின் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான். கணக்கில் பிழையில்லை. ஆனால் தராசுக்கு எடை மட்டுமே தெரியும். சுழலும் விசிறியில் விரல் படாமலிருக்கக் காப்பு வளையம் மாட்டுகிறோம். உடனே 249 கிராம் ட்ரோன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆபத்தைக் குறைக்கும் பாகத்தையே கழற்றி வைக்கத் தூண்டும் விதியைத் திருத்தத்தான் வேண்டும்.

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளும் எடையை வைத்தே பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது, உதிரிபாகங்களுக்கு இல்லை. உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் பலர் வயலுக்கான ட்ரோன்களைச் செய்கிறார்கள்.

மருந்து தெளிக்கும் ட்ரோன்களில் 10 லிட்டர் தொட்டியை அதிகம் பார்ப்பதற்கும் எடைக் கணக்குதான் காரணம். நம் விதியில் எடை என்பது தொட்டி நிரம்பிய நிலையில் கிளம்பும் மொத்த எடை. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. ஸ்மால் வகையின் 25 கிலோவில் மிச்சம் 15 கிலோவுக்குள் சட்டகம், மோட்டார், பம்பு, பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். 16 லிட்டர் வைத்தால் மிஞ்சுவது 9 கிலோ. அதற்குள் அடக்க முடியாவிட்டால் ட்ரோன் 25 கிலோவைத் தாண்டி, அடுத்த வகையான மீடியத்துக்குப் போய்விடும். ஸ்மால் வகைக்குப் பயிற்சி பெற்ற பைலட்டின் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமானதால் இப்போது வாங்க நினைப்பவர்கள் அதிகம். விலையைப் பேசுவதற்கு முன், அந்த மாடலுக்கு ஒப்புதல் தரும் வகைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அதிகபட்ச எடையையும் தொட்டி அளவையும் கையில் இருக்கும் ட்ரோனோடு ஒப்பிடுங்கள். "தொட்டியைப் பெரிதாக்கித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சான்றிதழ் மாற்றிய ட்ரோனுக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கேட்பதும் சிக்கலாகும்.

வணக்கம்.